கணினி கேள்வி-பதில்: ஆல்பத்தைத் திருத்த எதை வாங்குவது?

கேள்வி: எங்கள் கல்யாணப் படங்கள் 1983-இல் எடுத்தவை. கலர்ப் படங்கள்தான், ஆனால் இப்போது எல்லாமே செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டன. என் அப்பா அம்மாவின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றில் அம்மாவின் கன்னத்துக்குக் குறுக்கே கீறல். வீட்டுக் கணினியில் நானே இவற்றைச் சரிசெய்ய ஆசைப்படுகிறேன். மகன் மாதச் சந்தா கட்டி போட்டோஷாப் வாங்கச் சொல்கிறான். கணினி பழுதுபார்க்க வருகிற பையனோ, 300 ரூபாய் கொடுங்கள், அதையே 'கிராக்' போட்டுத் தருகிறேன் என்கிறான். என் கணினியில் இருப்பது 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. எது எனக்குச் சரிப்படும்?
- ஓய்வு பெற்ற ஆசிரியை, காரைக்குடி

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. முதலில் அந்தப் பையனுக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். கிராக் போட்ட, அதாவது காசு கட்டாமல் பூட்டை உடைத்த மென்பொருளோடு வேறு என்னவெல்லாம் சேர்ந்து வந்து உட்காரும் என்று போடுகிறவருக்கே தெரியாது. அதே கணினியில்தானே பென்ஷன் கணக்கையும் பார்ப்பீர்கள்?

மகன் சொல்வது தப்பில்லை, உங்களுக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். 2013-இல் அடோபி நிறுவனம் போட்டோஷாப்பைச் சந்தாவுக்கு மாற்றியது. கட்டுவதை நிறுத்தினால் மென்பொருளும் நின்றுவிடும். அதோடு இன்றைய போட்டோஷாப்புக்குக் குறைந்தது 8 ஜிபி ராம் வேண்டும், உங்களிடம் இருப்பது அதில் பாதி. அதன் சிறிய பதிப்பான எலிமென்ட்ஸை ஒரே தடவை காசு கொடுத்து வாங்கினால் காலத்துக்கும் போதும் என்று யாராவது சொல்லலாம். அது பழைய கதை. 2025 பதிப்பிலிருந்து அதற்கும் மூன்று வருடக் கெடு வைத்துவிட்டார்கள்.

உங்கள் வேலைக்கு ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருள் போதும். முழுக்க இலவசம். 1995-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் தொடங்கியது. இன்றுவரை தன்னார்வலர்களே வளர்த்துவருகிறார்கள். 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வந்தது, விண்டோஸ் 10-இல் ஓடும். ஜிம்ப் டாட் ஆர்க் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். திறந்ததும் மெனுக்களைப் பார்த்து மலைப்பாக இருக்கும். நீங்கள் தொடப்போவது நாலைந்து இடங்கள்தான், மற்றவற்றைக் கண்டுகொள்ளாதீர்கள்.

ஸ்டூடியோ நடத்தியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: மென்பொருளைவிட ஸ்கேன்தான் முக்கியம். அதில் விவரம் வராமல் போனால் எந்த மென்பொருளாலும் கொண்டுவர முடியாது. ஸ்கேனரில் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, வையுங்கள். அப்படி எடுத்தால் 300 டிபிஐ அச்சில் மூலப் படத்தைப் போல் இரண்டு மடங்கு அளவு வரை தாராளமாகப் பெரிதாக்கலாம். படம் ஆல்பத் தாளோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், தாளோடு சேர்த்தே வையுங்கள். 83-ஆம் வருடப் படம் என்பதால் சில்க் ஃபினிஷ் பேப்பராக இருக்கலாம். தடவினால் சொரசொரப்பு தெரியும். ஸ்கேனர் விளக்கில் அந்தச் சொரசொரப்பெல்லாம் புள்ளிபுள்ளியாக மின்னும். அந்த மாதிரிப் படத்தை மட்டும் ஜன்னல் ஓரம் வெயில் நேராகப் படாத இடத்தில் கிடத்தி, ஃபிளாஷ் இல்லாமல், செல்போனைச் சாய்க்காமல் நேர் மேலிருந்து எடுங்கள்.

செம்மண் நிறம் ஏன் வந்தது தெரியுமா? கலர்ப் படத்தில் மூன்று சாயங்கள் உண்டு. அந்தக் காலத்துப் பேப்பரில் பச்சை கலந்த நீலச் சாயம்தான், அதாவது சியான், ஆல்பத்துக்குள் இருட்டில் இருந்தாலும் முதலில் மங்கும். அது போனால் சிவப்பு தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் மருந்தும் சிவப்பில்தான். ஜிம்ப்பில் 'கலர்ஸ்' மெனுவில் 'லெவல்ஸ்' திறங்கள். மேலே 'வேல்யூ' என்று இருப்பதை 'ரெட்' ஆக்குங்கள். கீழே மலைத்தொடர் போல ஒரு வரைபடம் தெரியும், அதன் இடது பக்கம் காலியாகக் கிடக்கும். இடது ஓரத்திலுள்ள கறுப்பு முக்கோணத்தை மலை ஆரம்பிக்கிற இடம் வரை நகர்த்துங்கள். மாப்பிள்ளையின் தலைமுடி பழுப்பிலிருந்து கறுப்பாக மாறுவது கண்ணெதிரே தெரியும். அப்புறம் பச்சை, நீலம் இரண்டிலும் இரு ஓரங்களையும் அதே மாதிரி ஒழுங்குபடுத்துங்கள். பட்டு வேட்டியின் வெள்ளையைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள், அது வெள்ளையானால் மற்றதெல்லாம் தானாக வழிக்கு வரும்.

கன்னத்துக் கீறலுக்கு 'ஹீல்' கருவி. கீறலைவிடக் கொஞ்சம் மட்டும் அகலமான பிரஷ் எடுத்து, கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி பக்கத்திலுள்ள நல்ல தோலில் ஒரு கிளிக், பிறகு கீறலின் மேல் சின்னச் சின்னதாகத் தொட்டுக்கொண்டே போங்கள். ஒரே இழுப்பாக இழுத்தால் பூசி மெழுகியது போல் ஆகிவிடும். முடியோரம், புடவைக் கரை, தோட்டின் விளிம்பு போன்ற இடங்களில் ஹீல் கலங்கடித்துவிடும், அங்கே ஓரிடத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டும் 'குளோன்' கருவியை எடுங்கள். நாங்கள் நெகட்டிவைக் கண்ணாடி மேஜையில் வைத்து, ஊசியாகச் சீவிய பென்சிலால் டச்சப் செய்த காலத்தில் 'அன்டூ' கிடையாது!

கறுப்பு வெள்ளைப் படத்தில் சுருக்கத்தையும் மருவையும் எடுத்துவிடாதீர்கள். உங்கள் அம்மாவை எல்லோரும் அடையாளம் காண வேண்டுமே.

'சேவ்' கொடுத்தால் ஜிம்ப் தன் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப்-ஆகவே வைக்கும். கடைக்குக் கொடுக்க 'எக்ஸ்போர்ட்' கொடுத்து ஜேபெக் ஆக்குங்கள். 4×6 அச்சுக்கு 1200×1800 பிக்சல் இருந்தால் நன்றாக வரும். ஸ்கேன் செய்த மூலத்தைத் தனி ஃபோல்டரில் போட்டு, அதைத் தொடவே தொடாதீர்கள்.

ஜிம்ப் ஒத்துவரவில்லை என்றால் போட்டோபீ பாருங்கள். எதையும் நிறுவ வேண்டாம், பிரவுசரிலேயே ஓடும். ஓரத்தில் விளம்பரம் வரும், பொறுத்துக்கொள்ளலாம். பெயின்ட் டாட் நெட் இன்னும் எளிது, ஆனால் கீறலுக்கு அதில் குளோன் மட்டும்தான், எனவே உங்களுக்கு இரண்டாம்பட்சம். அதை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் வாங்கினால் காசு, அதன் சொந்தத் தளத்தில் இலவசம். மகனுக்கு ஆசையிருந்தால் அவர் லேப்டாப்பில் அஃபினிட்டி போட்டுப் பார்க்கட்டும். கேன்வா நிறுவனம் 2025 அக்டோபரில் அதை இலவசமாக்கிவிட்டது.

கேள்வி: வங்கித் தேர்வு விண்ணப்பத்தில் படம் 200×230 பிக்சல், 20 முதல் 50 கேபிக்குள் என்கிறார்கள். பிரவுசிங் சென்டரில் ஒவ்வொரு தடவையும் காசு கேட்கிறார்கள். வீட்டிலேயே முடியுமா?
- கல்லூரி மாணவர், தூத்துக்குடி

பதில்: முடியும் தம்பி. இர்ஃபான்வியூ என்ற குட்டி மென்பொருளை இறக்குங்கள். சொந்த உபயோகத்துக்கு இலவசம், பழைய கணினியிலும் பறக்கும். முதலில் படத்தை 200க்கு 230 என்ற விகிதத்தில் வெட்டிக்கொள்ளுங்கள், அப்புறம்தான் அளவைக் குறைக்க வேண்டும். வெட்டாமல் நேரே குறைத்தால் முகம் சப்பையாகவோ நீளமாகவோ ஆகிவிடும். 'சேவ் ஆஸ்' கொடுத்து ஜேபெக் தேர்ந்தெடுத்தால் தரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பட்டை வரும், அதை நகர்த்தி 50 கேபிக்குள் கொண்டுவந்துவிடலாம். கையெழுத்துக்கும் இதே வழிதான், 140×60 பிக்சல், 10 முதல் 20 கேபி.

கேள்வி: அழைப்பிதழ் படத்தில் தமிழில் எழுதினால் 'கெ' என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. கணினியில் வைரஸா?
- வாசகர், திருப்பூர்

பதில்: வைரஸ் இல்லை. எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீடான யூனிகோடில் 'க' முதலில், கொம்பு பிறகு என்றுதான் பதிவாகும். அதை இடம் மாற்றிக் காட்டுவது மென்பொருளின் பொறுப்பு. பழைய போட்டோஷாப் என்றால் 'பிரிஃபரென்சஸ்' உள்ளே 'டைப்' பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு இருக்கும், அதை மாற்றுங்கள். ஜிம்ப்பில் இந்தத் தொல்லையே கிடையாது, யூனிகோடு எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துத் தட்டச்சு செய்தால் ஒழுங்காக வரும். அச்சகத்துக்காரர் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் கேட்டால் மட்டும் அவரிடமே அடிக்கச் சொல்லிவிடுங்கள்.