மழை பிடித்தால் மட்டும் நாறும் பலகைத் தரை

கேள்வி: குன்னூரில் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடிவந்திருக்கிறோம். ஹாலில் தேக்குப் பலகைத் தரை. எங்கள் கடுவன் பூனை ஒரே மூலையில் சிறுநீர் கழிக்கிறது. பினாயில் ஊற்றித் துடைத்துத் துடைத்துச் சலித்துவிட்டது. வெயிலடித்தால் ஒன்றும் தெரிவதில்லை, மழை பிடித்தால் வீடே நாறுகிறது. பலகையை மாற்றித்தான் ஆகவேண்டுமா?

பதில்: முதலில் பினாயிலை நிறுத்துங்கள். அதிலுள்ள ஃபீனால் வகைப் பொருட்களைப் பூனையின் கல்லீரலால் சரிவர முறிக்க முடியாது. தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். சிறுநீரிலிருந்து வரும் அமோனியாவோடு சேர்ந்தால் மூச்சைத் திணறடிக்கும் வாயு கிளம்பும்.

சிறுநீரிலுள்ள யூரியா தண்ணீரில் கரையும், துடைத்தால் போய்விடும். யூரிக் அமிலத்தின் உப்புகள் லேசில் கரையாது. பலகை இடுக்கில் காய்ந்து உட்கார்ந்துகொண்டு, காற்றில் ஈரம் ஏறியதும் மறுபடி வாடை விடும். ஐப்பசி மழையில் உங்கள் ஹால் நாறுவது இதனால்தான். வாளி வாளியாக ஊற்றித் துடைத்தால் அழுக்கு இன்னும் ஆழத்துக்குத்தான் இறங்கும்.

சரி, இடத்தைக் கண்டுபிடிப்போம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் புறஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய சிறுநீர் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். சோப்புக் கறையும் சில பாலிஷும்கூட ஒளிரும் என்பதால், மண்டியிட்டு மூக்கை வைத்து உறுதி செய்துகொண்டு சாக்பீஸால் வட்டமிடுங்கள். நீங்கள் இதுவரை துடைத்த இடத்தைவிட வட்டம் பெரிதாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அப்புறம் அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்துப்போல் நின்றால் பாலிஷ் பிழைத்திருக்கிறது, இடுக்கை மட்டும் கவனித்தால் போதும். சில நிமிடத்தில் உறிஞ்சிக் கறுத்தால் சிறுநீரும் மரத்துக்குள் போயிருக்கிறது.

வளர்ப்புப் பிராணிகள் கடையில், இந்த உப்புகளைச் சிதைக்கும் என்சைம் கிளீனர் கிடைக்கும். பினாயில் மிச்சம் என்சைமைக் கெடுத்துவிடும், ஆகவே ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து உலரவிடுங்கள். கண்ணில் படாத மூலையில் சோதித்துவிட்டு, ஊசி கழற்றிய சிரிஞ்சால் இடுக்கு நெடுக கிளீனரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். உலர்ந்தால் என்சைம் வேலை செய்யாது. லேபிளில் சொன்ன நேரம் வரை பிளாஸ்டிக் தாளால் மூடி, பிறகு ஒற்றியெடுத்து ஃபேன் போடுங்கள். மலைக்குளிரில் என்சைம் மந்தமாகத்தான் வேலை செய்யும், அதனால் பகலில் செய்யுங்கள். இரண்டு மூன்று தடவையாவது தேவைப்படும்.

சிறுநீர் ஊறிக் கறுத்த தழும்பு வேறு விஷயம். வாடை போனாலும் அது நிற்கும். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்த துணியைப் போட்டுப் பார்க்கலாம், மரம் சற்று வெளுக்கும். என்சைம் விட்ட அன்றே வேண்டாம்.

இதற்கும் அடங்காவிட்டால், பலகையை மாற்ற முடிவெடுக்குமுன் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து நன்றாக உலரவிட்டு, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பழைய பிரெஞ்சு பாலிஷ் அடிக்கச் சொல்லுங்கள். அரக்கு வாடையை நன்றாகவே அடைத்துவிடும். மேலே பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் போடுவதானால் மெழுகு நீக்கிய அரக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடிப்பக்கம் வரை ஊறிய பலகையை மட்டும் மாற்றினால் போதும்.

கடுவனுக்குக் கருத்தடை ஆகவில்லையென்றால் செய்துவிடுங்கள், வாடையும் குறையும், அடையாளமிடும் பழக்கமும் பெரும்பாலும் குறையும். அது முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போகிறது என்றால் தரையை விட்டுவிட்டு அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். கடுவன்களுக்குச் சிறுநீர்ப்பாதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து.