ரெமிடியல் வகுப்புக்கு யார் பணம் கட்டுவது?

கேள்வி: டாலஸ் பக்கம் வசிக்கிறோம். எல்லோருக்கும் கிரீன் கார்டு உண்டு. மகள் திருச்சியில் பத்தாவது முடித்துவிட்டு இங்கே வந்தவள். ஹைஸ்கூலில் நல்ல மதிப்பெண். கம்யூனிட்டி காலேஜில் சேரப் போனால், கணக்கு நுழைவுத் தேர்வில் 941தான் வந்திருக்கிறது, ரெமிடியல் கோர்ஸ் (பள்ளிக் கணக்கை மறுபடி சொல்லித் தரும் வகுப்பு) எடுத்தே ஆக வேண்டும் என்கிறார்கள். அதற்குத் தனி ஃபீஸ். டிகிரிக்கான கிரெடிட்டிலும் சேராதாம். "வருஷா வருஷம் வீட்டு வரியில் ஸ்கூலுக்குக் கொட்டிக் கொடுக்கிறோம், அவர்கள் சொல்லித் தராததற்கு நாம் ஏன் மறுபடி கட்ட வேண்டும்?" என்று கணவர் கேட்கிறார். பள்ளியிடம் கேட்க முடியுமா? பையன் இப்போது பதினோராவது படிக்கிறான்.

பதில்: உங்கள் கணவரின் கோபம் நியாயமானது. ஆனால் அந்த பில்லைப் பள்ளிக்கு அனுப்ப டெக்சாஸில் வழி இல்லை. இன்றைய நிலையில் பணம் கட்ட வேண்டியது மாணவிதான். அமெரிக்கா முழுக்க மாணவர்களும் பெற்றோரும் இந்த வகுப்புகளுக்காக ஆண்டுக்குச் சுமார் 130 கோடி டாலர் கட்டுகிறார்கள் என்று சென்டர் ஃபார் அமெரிக்கன் ப்ராக்ரஸ் என்ற ஆய்வு அமைப்பு 2016-ல் கணக்கிட்டது.

அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன், இந்த வகுப்பு அவளுக்குத் தேவையா என்று பாருங்கள். அவள் எழுதியது டிஎஸ்ஐ, அதாவது கல்லூரிப் பாடத்துக்குத் தயாரா என்று டெக்சாஸில் பார்க்கும் தேர்வு. கணக்கில் 950 வந்தால் நேராகக் கல்லூரிக் கணக்கு. அதற்குக் கீழே போனால் உடனே டயக்னாஸ்டிக் என்று இன்னொரு பகுதி வரும். அதில் 6-வது லெவல் கிடைத்தால் அதுவும் தேர்ச்சிதான். ரிசல்ட் தாளில் 941-க்குப் பக்கத்திலேயே அந்த எண்ணும் இருக்கும், எடுத்துப் பாருங்கள். எஸ்ஏடி (கல்லூரி அட்மிஷனுக்கான தேர்வு) எழுதியிருந்து கணக்கில் 530 வாங்கியிருந்தாலும் விலக்கு உண்டு. காலேஜ் கேட்கவில்லை என்பதற்காக அந்த மார்க்கைக் கொடுக்காமல் விட்டுவிடுகிற பிள்ளைகள் நிறைய.

இரண்டும் இல்லையென்றால் மறுபடி எழுதட்டும். ஆலோசகராக நான் பார்த்தவரை, நம் ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் இந்தத் தேர்வை ஒரு சம்பிரதாயம் என்று நினைத்து ஒரு நோட்டைக்கூடப் புரட்டாமல் போய் உட்காருவார்கள். முதல் பகுதியில் 20 கேள்விதான், நேரக் கட்டுப்பாடும் கிடையாது. ஆனாலும் பழக்கதோஷத்தில் அரை மணியில் முடித்துவிட்டு வெளியே வருவார்கள். சமன்பாடு எல்லாம் சரியாகப் போட்டிருப்பார்கள். கேலன், அடி, வரைபடம் என்று வார்த்தைக் கணக்காக வந்த இடத்தில் கோட்டை விட்டிருப்பார்கள். 941 வாங்கியவளுக்கு 9 புள்ளிதான் குறைகிறது. இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தால் எட்டிவிடலாம். தேர்வுக் கட்டணம், ஒரு கோர்ஸ் ஃபீஸுக்குப் பக்கத்திலேயே வராது.

அப்படியும் வரவில்லையா? சரி, அப்போது அட்வைசரிடம் "கோரிக்விசிட் வேண்டும்" என்று கேளுங்கள். ரெமிடியலைத் தனியாக முடித்துவிட்டு அப்புறம் கல்லூரிக் கணக்குக்குப் போவது பழைய முறை. இரண்டையும் ஒரே செமஸ்டரில் சேர்த்துப் படிப்பது கோரிக்விசிட். 2017-ல் வந்த ஹவுஸ் பில் 2223 என்ற டெக்சாஸ் சட்டம் கல்லூரிகளை இந்தப் பக்கம் திருப்பியது. துணை வகுப்புக்குப் பணம் கட்டத்தான் வேண்டும், ஆனால் அதே செமஸ்டரில் டிகிரிக்குச் சேரும் கிரெடிட்டும் கையில் இருக்கும். கூடவே அவளுடைய மேஜருக்கு (முக்கியப் பாடத்துக்கு) எந்தக் கணக்கு வேண்டும் என்றும் கேளுங்கள். ஸ்டாடிஸ்டிக்ஸ் போதும் என்கிற படிப்புக்காக காலேஜ் அல்ஜீப்ராவோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

பணத்துக்கு வருவோம். கிரீன் கார்டு இருப்பதால் அவள் ஃபாஃப்சா, அதாவது மத்திய அரசின் கல்வி உதவிக்கான விண்ணப்பம், நிரப்பலாம் (பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்து ஹெச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த வழி இல்லை). குடும்ப வருமானம் இடம் கொடுத்தால் பெல் கிராண்ட் என்ற மத்திய அரசு உதவித்தொகை ரெமிடியல் வகுப்புக்கும் கிடைக்கும். 30 செமஸ்டர் கிரெடிட் வரைதான் என்று வரம்பு உண்டு. திருப்பிக் கட்ட வேண்டாத பணம்தானே என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். முழுநேரக் கணக்கில் ஆயுளுக்கு 12 செமஸ்டர்தான் பெல். ரெமிடியலில் கழிகிற செமஸ்டரும் அதில் ஒன்று. ஒரு பையன் தன் டிரான்ஸ்கிரிப்டை என் மேஜையில் விரித்தது நினைவிருக்கிறது. மூன்று செமஸ்டர் வரிசையாகக் கணக்கு, எல்லாவற்றிலும் பாஸ், டிகிரிக்குச் சேர்ந்த கிரெடிட் பூஜ்யம். அவன் சோம்பேறி இல்லை. யாரும் அவனுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

யார் கட்டுவது நியாயம் என்றும் கேட்கிறீர்கள். கல்லூரி ரெமிடியல் செலவைப் பள்ளிகள் தலையில் கட்டும் யோசனையை 2013-ல் மெய்ன் மாநில ஆளுநர் பால் லெபேஜ் முன்வைத்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கிற பள்ளிக்குத்தான் பெரிய பில் வரும், அந்தப் பணம் அங்கே இப்போது படிக்கிற பிள்ளைகளின் வாத்தியார் சம்பளத்திலிருந்துதான் போகும். மாணவர் கட்டுவதும் அநியாயம். பாடத்திட்டத்தைப் போட்டதும், பாஸ் என்று டிப்ளமா கொடுத்ததும், கல்லூரிக்கு அது போதாது என்று கோடு கிழித்ததும் மாநில அரசு. அந்த இடைவெளிக்கு அரசுதான் பணம் போட வேண்டும்.

டெக்சாஸ் அதில் பாதி தூரம் வந்திருக்கிறது, உங்கள் பையனுக்கு அது உதவும். 2013-ன் ஹவுஸ் பில் 5 படி, பள்ளி மாவட்டமும் பக்கத்துக் கல்லூரியும் சேர்ந்து பன்னிரண்டாம் வகுப்பில் காலேஜ் ப்ரெப் கணக்கு, ஆங்கிலம் நடத்த வேண்டும். ஃபீஸ் கிடையாது. அதில் தேறினால், ஒப்பந்தம் போட்ட கல்லூரியில் அந்தப் பாடத்துக்கு டிஎஸ்ஐ தேவையில்லை. விலக்கு பள்ளி முடித்து 24 மாதம் வரை. இந்த வருஷம் கோர்ஸ்களைத் தேர்ந்தெடுக்கும் படிவம் வீட்டுக்கு வரும்போது கவுன்சிலரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: அந்த வகுப்பு உங்கள் பள்ளியில் நடக்கிறதா, எந்தக் கல்லூரி அதை ஏற்கிறது?