95 நாள் முடிந்துவிட்டதா? எந்தத் தேதியிலிருந்து எண்ணினீர்கள்?

கேள்வி: கோவையில் ஒரு மெடிக்கல் பில்லிங் நிறுவனத்தில் ஏஆர் காலராக (வராத காப்பீட்டுத் தொகையைத் தொடர்ந்து கேட்டு வாங்குபவர்) இருக்கிறேன். டெக்சாஸ் மாநிலத்துக் குழந்தைகள் கிளினிக் ஒன்றின் கணக்கைப் பார்க்கிறோம். 2026 மார்ச் 10 அன்று வந்த ஒரு குழந்தைக்கு அப்போது மெடிகெய்டு (வருமானம் குறைந்தோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு) இல்லை. ஜூலை முதல் வாரத்தில் அம்மா ஸ்டார் திட்ட (காப்பீட்டு நிறுவனங்கள் வழியே நடக்கும் டெக்சாஸ் மெடிகெய்டு) அட்டையைக் கொண்டுவந்தார். அட்டையில் இருந்த பிளானுக்கு (காப்பீட்டு நிறுவனத்துக்கு) கிளெய்ம் (சிகிச்சைப் பணம் கேட்கும் விண்ணப்பம்) அனுப்பினோம். ‘அன்று இவர் எங்கள் உறுப்பினர் இல்லை’ என்று ஜூலை 14-ல் டினையல் (நிராகரிப்பு) வந்துவிட்டது. கிளெய்ம் அனுப்பும் கெடுவான 95 நாள் தாண்டிவிட்டதால் ரைட்-ஆஃப் செய்யச் (வராத பணமாகத் தள்ளிவிடச்) சொல்கிறார் டீம் லீட். அம்மாவுக்கே பில் அனுப்பலாமா என்று கேட்கிறது கிளினிக். எது சரி? அடிக்கடி மாறும் விதிகளை எங்கே பார்ப்பது?

பதில்: இரண்டுமே வேண்டாம். இந்தக் கிளெய்முக்கு இன்னும் உயிர் இருக்க வாய்ப்புண்டு. உங்கள் டீம் லீட் விதியைச் சரியாகத்தான் சொல்கிறார், எண்ணத் தொடங்கிய நாள்தான் தவறு.

டெக்சாஸ் மெடிகெய்டில் கிளெய்ம் அனுப்பக் கெடு, சேவை தந்த நாளிலிருந்து 95 நாள். மார்ச் 10-லிருந்து எண்ணினால் ஜூன் 13. அது சனிக்கிழமை என்பதால் திங்கள், ஜூன் 15 வரை நீளும். ஆனால் இது, சேவை நாளிலேயே எலிஜிபிலிட்டி (மெடிகெய்டு தகுதி) பதிவில் இருந்தவர்களுக்கான கணக்கு. முன்தேதியிட்டு மெடிகெய்டு கிடைத்தவருக்கு, அந்தத் தகுதி டிஎம்ஹெச்பி-யின் கணினியில் ஏறிய நாளிலிருந்துதான் 95 நாள் ஓடத் தொடங்கும். இதை ‘ஆட் டேட்’ என்பார்கள். டெக்சாஸில் மாநிலத்தின் சார்பில் மெடிகெய்டு கிளெய்ம்களைக் கையாளும் அமைப்புதான் டிஎம்ஹெச்பி.

ஆகவே முதல் வேலையாக, இன்றைய எலிஜிபிலிட்டியை அல்ல, மார்ச் 10-ன் எலிஜிபிலிட்டியைத் தேடுங்கள். ஏஆர் மேசைகளில் அதிகம் நழுவும் இடம் இதுதான். அட்டையைப் பார்த்ததும் இன்றைய தேதியைப் போட்டுச் சரிபார்த்துவிட்டு, அதையே பழைய தேதிக்கும் ஒட்டிவிடுகிறோம். விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய 3 மாதங்கள் வரை மெடிகெய்டு பின்னோக்கிச் செல்லக்கூடும். அம்மா மே மாதம் விண்ணப்பித்திருந்தால் மார்ச் அதற்குள் அடங்கும். மார்ச் மாதத்துக்குத் தகுதி இல்லை என்றே வந்தால், கீழே சொல்லும் எதுவும் பொருந்தாது.

தகுதி உண்டு, ஆட் டேட் ஜூன் 2 என்று வைத்துக்கொள்வோம். 95-வது நாள் செப்டம்பர் 5, சனிக்கிழமை. அடுத்த திங்கள் லேபர் டே விடுமுறை. எனவே செப்டம்பர் 8 வரை நேரம். (அதுவரை காத்திருக்கச் சொல்லவில்லை. கடைசி நாளில் ஒரு ரிஜெக்‌ஷன் வந்தால் அதோடு முடிந்தது.)

அடுத்தது, யாருக்கு அனுப்புவது. பிளான் உங்களைத் திருப்பியதில் தவறில்லை. ஸ்டார் பிளானில் சேர்வது பெரும்பாலும் முன்னோக்கித்தான் நடக்கும். பிளான் தொடங்குவதற்கு முந்தைய மாதங்கள், பொதுவாகப் பழைய முறைப்படி நேரடி மெடிகெய்டின் பொறுப்பு. எனவே மார்ச் கிளெய்ம் டிஎம்ஹெச்பி-க்கே போக வேண்டும். மெடிகெய்டு வைத்திருக்கும் தாய்க்குப் பிறந்த சிசுக்களுக்கு வேறு ஏற்பாடு உண்டு. அவற்றை இந்தக் கணக்கோடு குழப்ப வேண்டாம்.

ஏற்கெனவே டிஎம்ஹெச்பி-க்கு அனுப்பி, காலம் கடந்தது என்று டினை ஆன கிளெய்ம்களும் உங்களிடம் இருக்கலாம். டினையல் வந்த ஆர் அண்ட் எஸ் அறிக்கையின் (எந்தக் கிளெய்முக்குப் பணம் வந்தது, எது டினை ஆனது என்று டிஎம்ஹெச்பி தரும் அறிக்கை) தேதியிலிருந்து 120 நாளுக்குள் அப்பீல் செய்யலாம். ஆதாரத்தில் மட்டும் கவனம். உங்கள் சாஃப்ட்வேரின் ஸ்கிரீன்ஷாட், ‘அன்றே அனுப்பினோம்’ என்ற அலுவலகக் குறிப்பு இரண்டும் செல்லாது. பேயர் (பணம் தரும் அமைப்பு) பெற்றுக்கொண்டதைக் காட்டும் அறிக்கை வேண்டும். கிளெய்மை வாங்கி பேயருக்குக் கடத்தும் இடைநிறுவனமான கிளியரிங்ஹவுஸ் வாங்கிக்கொண்டது வேறு, பேயர் வாங்கிக்கொண்டது வேறு.

அம்மாவுக்கு பில் அனுப்பும் யோசனையைக் கிளினிக் கைவிடட்டும். மெடிகெய்டு தரும் தொகையை முழுத்தொகையாக ஏற்க வேண்டும் என்பது மத்திய விதி. நம் தாமதத்தால் விழுந்த டினையலை நோயாளியின் தலையில் கட்ட முடியாது. மார்ச்சில் அவர் கையிலிருந்து பணம் கட்டியிருந்தால், மெடிகெய்டுக்கு பில் செய்யும்போது அதைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். இதைக் கிளினிக் மேலாளரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

விதிமாற்றங்களைப் பொறுத்தவரை, வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘அனைத்து மாநில டைம்லி ஃபைலிங்’ (கிளெய்ம் அனுப்பும் கெடு) பட்டியலை நம்பி வேலை செய்யாதீர்கள். நியூயார்க்கில் பொதுவான கெடு 90 நாள், இல்லினாயில் 180. கலிஃபோர்னியாவில் 6 மாதம் வரை முழுத்தொகை, 7 முதல் 9 மாதம் வரை 75 சதவீதம், 10 முதல் 12 வரை 50. ஒரே தாளில் எண்களை அடக்கிவிடலாம், எண்ணத் தொடங்கும் நாளை அடக்க முடியாது. டெக்சாஸுக்கு டிஎம்ஹெச்பி-யின் புரொவைடர் கையேடு மாதந்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. ஆர் அண்ட் எஸ் அறிக்கையின் முன்பக்கங்களில் வரும் பேனர் செய்திகளை யாராவது ஒருவர் வாரம் ஒருமுறை படிக்கட்டும். வந்த பணத்தைக் கணக்கில் போஸ்ட் செய்கிறவர்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போவதுதான் வழக்கம்.

இன்னொரு மாற்றம் இப்போதே உங்கள் குறிப்பேட்டில் ஏறட்டும். 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான மத்தியச் சட்டத்தின்படி, 2027 ஜனவரி 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்குப் பின்னோக்கிய காலம் 3 மாதத்திலிருந்து 2 ஆகக் குறைகிறது. மெடிகெய்டு விரிவாக்கத்தில் (சில மாநிலங்கள் கூடுதல் பெரியவர்களையும் சேர்த்துக்கொண்ட ஏற்பாடு) சேர்ந்த பெரியவர்களுக்கு 1 மாதம்தான். டெக்சாஸ் விரிவாக்கத்தை ஏற்காத மாநிலம் என்பதால் உங்கள் கிளினிக்குக்குப் பொருந்துவது 2 மாதக் கணக்கு. மே மாத விண்ணப்பத்தில் மார்ச் அப்போதும் அடங்கும், பிப்ரவரி அடங்காது. மெடிகெய்டு இல்லாமல் வரும் குழந்தைகளின் பெற்றோரிடம், உடனே விண்ணப்பிக்கும்படி முன்மேசையிலேயே சொல்லச் சொல்லுங்கள்.