தலைமடைக்குக் கடைமடை எதற்கு?

மன்னார்குடி வாசகர் வட்டத்தில் இம்முறை நதிநீர் அரசியலைப் பற்றி ஆய்வாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பேசினோம். அரசியல் அறிவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் துண்டுச் சீட்டுகள் எல்லாம் என் பக்கமே வந்தன. கையெழுத்து புரிந்த சீட்டுகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மூன்றாம் உலகப் போர் தண்ணீருக்காகத்தான் வரும் என்கிறார்களே, உண்மையா? – மருந்துக் கடைக்காரர், நீடாமங்கலம்

சொல்பவர்கள் மேடையேறியவர்கள். கணக்கெடுத்தவர் வேறு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்து ஆரன் வுல்ஃபும் அவருடைய குழுவினரும், சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் நாடுகளுக்கிடையே ஆற்று நீரை ஒட்டி நடந்த 1,831 நிகழ்வுகளைத் திரட்டினார்கள். அவற்றில் ஒத்துழைப்பு 1,228, உரசல் 507. ஆயுதம் எடுக்கும் அளவுக்குப் போனவை 37 மட்டுமே. அந்த 37இலும் 30, இஸ்ரேலுக்கும் அதன் அண்டை நாடுகளுக்கும் இடையில் நடந்தவை. தண்ணீருக்கென்றே நடந்த முழுப் போரைத் தேடினால், 4,500 ஆண்டுகளுக்கு முன் மெசபடோமியாவில் லகாஷ், உம்மா என்ற இரு நகரங்கள் மோதிக்கொண்ட கதைவரை பின்னால் போக வேண்டும். கடையை நிம்மதியாகத் திறந்து வையுங்கள்.

அப்படியானால் 1991இல் என் அண்ணன் குடும்பம் பெங்களூரில் வீட்டைப் பூட்டிவிட்டு இரவோடு இரவாக ஓடி வந்தது எந்தக் கணக்கில் சேரும்? – இல்லத்தரசி, கூத்தாநல்லூர்

எந்தக் கணக்கிலும் சேராது, அம்மா. அந்தப் பட்டியலின் பெரிய ஓட்டையே அதுதான். வுல்ஃப் எண்ணியது நாடுகளுக்கு இடையிலான நிகழ்வுகளை மட்டுமே. கர்நாடகம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 205 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) தர வேண்டும் என்று காவிரி நடுவர் மன்றம் 1991 ஜூனில் இடைக்கால உத்தரவு போட்டது. அது டிசம்பரில் அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர் குடியிருப்புகள் எரிந்தன, உயிர்களும் போயின. ஆனால் இரண்டு மாநிலங்களும் ஒரே நாட்டுக்குள் இருப்பதால் உலகப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

இந்தக் குறையைப் பிடித்துக்கொண்டு எழுதியவர் ஸ்காட் மூர் என்ற ஆய்வாளர். நாடுகளுக்குள் ஓடும் ஆறுகளில்தான் சண்டை முற்றுகிறது என்பது அவர் வாதம். ஆறு மாநில அடையாளத்தோடு ஒட்டிக்கொண்டால் அதை விட்டுக்கொடுப்பவர் தேர்தலில் தோற்பார். நமக்கு இது பழைய செய்திதான். 2018இல் வந்த நூலில் அதைப் படித்தபோது, ‘இப்போதாவது சொன்னார்களே’ என்று எனக்குத் தோன்றியது.

இரண்டு முதலமைச்சர்களை ஓர் அறையில் உட்காரவைத்தால் முடிந்துவிடாதா? – ஓய்வு பெற்ற தபால்காரர், வலங்கைமான்

அறையில் இருப்பது இரண்டு பேர் என்று நினைக்கிறீர்கள். அமெரிக்க அரசியல் அறிவியலாளர் ராபர்ட் புட்னம் 1988இல் எழுதிய கட்டுரையின் சாரம் இது: பேச்சுவார்த்தைக்குப் போகிறவர் ஒரே நேரத்தில் இரண்டு பலகைகளில் காய் நகர்த்துகிறார். ஒன்றில் எதிராளி, மற்றொன்றில் சொந்த ஊர்க்காரர்கள். கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளையின் தகப்பனார், “எனக்குச் சம்மதம்தான், ஆனால் வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்” என்று சொல்லி இன்னும் ஐந்து பவுன் கேட்பதில்லையா? வீட்டில் கெடுபிடி எவ்வளவு அதிகமோ, வெளியில் பேரம் பேச அவ்வளவு வசதி. 2023 செப்டம்பரில் காவிரி நீர் தரக் கூடாது என்று கர்நாடகத்தில் கடையடைப்பு நடந்ததையும் அந்தக் கண்ணோடு பார்க்கலாம். நம் பக்கத்துத் தீர்மானங்களையும் அப்படியே பார்க்க வேண்டும், அதில் பாரபட்சம் கூடாது.

காவிரித் தீர்ப்பில் 177.25 டிஎம்சி என்று எழுதியாகிவிட்டது. மழை குறைந்தால் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளவும் சொல்லியிருக்கிறது. பிறகு என்னதான் தகராறு? – வழக்கறிஞர், திருவாரூர்

சீட்டுகளிலேயே நல்ல கேள்வி இதுதான். நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பு, மாநில எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் 192 டிஎம்சி என்றது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. பற்றாக்குறை ஆண்டில் விகிதப்படி குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் உண்மைதான். ஆனால் எந்த விகிதம் என்பது எப்போது தெரியும்? நீராண்டு ஜூன் 1இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு பற்றாக்குறையா இல்லையா என்பது தென்மேற்குப் பருவமழை முடிகிற சமயத்தில்தான் உறுதியாகும். குறுகிய காலப் பயிரான குறுவை நெல்லின் நாற்று அதுவரை காத்திருக்காது. தீர்ப்பின் மாதக் கணக்கில் ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95 டிஎம்சி. பயிர் கேட்பதும் அந்த மாதங்களில்தான், மேலே உள்ளவர்கள் தங்கள் அணைகளை நிரப்பப் பார்ப்பதும் அதே மாதங்களில்தான். அக்டோபரில் வெள்ளமாக வந்து சேரும் 20 டிஎம்சி ஆண்டுக் கணக்கை நேர் செய்துவிடும். காய்ந்துபோன குறுவையை என்ன செய்ய?

எவ்வளவு தண்ணீர் என்பதை நீதிமன்றம் சொல்லிவிட்டது. எப்போது என்பதில்தான் ஒவ்வோர் ஆண்டும் இழுபறி. நம் தலைவர்கள் டிஎம்சி என்று முழங்கும்போதெல்லாம் “எந்தத் தேதிக்கு?” என்று கேட்க ஆள் இல்லை என்பது என் தனிப்பட்ட ஆற்றாமை.

சிந்து நதி ஒப்பந்தத்தை 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்திவைத்ததே, பாகிஸ்தானுக்குத் தண்ணீர் நின்றுவிட்டதா? – முதுகலை மாணவர், நீலக்குடி

இல்லை, தம்பி. மேற்கு ஆறுகளான சிந்து, ஜீலம், செனாப் மூன்றின் வெள்ளத்தையும் பிடித்துவைக்கும் அளவுக்கு நம்மிடம் அணைகள் கிடையாது. தேதிகளை மாற்றலாம், வெள்ளத் தகவலைத் தராமல் இருக்கலாம். அங்கேயும் சிக்கல் நேரம்தான், பார்த்தீர்களா?

காவிரியோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு உண்டு. 1960 ஒப்பந்தம் ஆறுகளையே பிரித்துக் கொடுத்தது: கிழக்கே மூன்று இந்தியாவுக்கு, மேற்கே மூன்று பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு. சகோதரர்கள் வயலைப் பாகம் பிரிப்பது போல. 1965, 1971 போர்களைத் தாண்டியும் அது நின்றதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். நாமோ ஒரே கிணற்றில் முறை வைத்து இறைக்கிறோம்.

மேட்டூர் திறந்து கல்லணை திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருவதில்லை. கர்நாடகத்தைத் திட்டி என்ன பயன்? – கடைமடை விவசாயி, திருத்துறைப்பூண்டி

2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் படிப்பால் அரசியல் அறிவியல்காரர். நேபாள வாய்க்கால்களை அவரும் கூட்டாளிகளும் ஆராய்ந்தபோது, விவசாயிகளே பராமரித்த மண் அணைக்கட்டுகளில் தண்ணீர் வாய்க்காலின் கடைசி வயல்களான கடைமடைவரை ஓரளவு ஒழுங்காகப் போனது. அரசு கட்டிய கெட்டியான சிமெண்ட் அணைக்கட்டுகளில் பல இடங்களில் போகவில்லை. காரணம் எளியது. மண் அணை ஆண்டுதோறும் உடையும். அதைத் திரும்பக் கட்ட, வாய்க்காலின் தொடக்கத்தில் இருக்கும் தலைமடைக்காரனுக்குக் கடைமடைக்காரனின் கை வேண்டும். “எனக்குத் தண்ணீர் விடாவிட்டால் மண் சுமக்க வர மாட்டேன்” என்று கடைமடைக்காரன் சொல்ல முடியும். சிமெண்ட் வந்த பிறகு அந்தக் கை யாருக்கும் தேவைப்படவில்லை.

நம் குடிமராமத்தை நினைத்துப் பாருங்கள். என் தாத்தா காலத்தில் சித்திரை, வைகாசியில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்குவார். வராத வீட்டின் பெயரைக் கோயில் வாசலில் வாசிப்பார்கள். இப்போது பொக்லைன் இரண்டு நாளில் தூர்வாரிவிட்டுப் போகிறது. வேலை சுத்தம்தான். ஆனால் மேல்மடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமும் அந்த மண்ணோடு அள்ளப்பட்டுவிட்டது. (பழைய காலம் பொற்காலம் என்று யாரும் எழுந்துவிட வேண்டாம். அன்று மண் சுமந்தவர்களில் பாதிப் பேருக்கு நிலமே இல்லை.)

ராபர்ட் வேட் என்ற ஆய்வாளர் ஆந்திரத்துக் கால்வாய்களில் வேறொன்றைக் கண்டார். கால்வாயின் கடைசியில் இருந்த ஊர்கள்தான் பொதுப்பணம் திரட்டி, நீர் பாய்ச்ச ஆள் வைத்து, ஒழுங்காகக் கூடிப் பேசின. முதலில் இருந்த ஊர்களுக்கு அந்தத் தேவையே எழவில்லை. ஆகவே உங்கள் ஊர் சங்கத்தை எழுப்ப மேல்மடையின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

கச்சத்தீவை மீட்டால் எங்கள் பிரச்சினை தீருமா? – விசைப்படகு உரிமையாளர், நாகப்பட்டினம்

கோபப்படாமல் கேளுங்கள். இலங்கையோடு கடல் எல்லை வகுத்த 1974, 1976 ஒப்பந்தங்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்து மார்டன் பாவிங்க் போன்றவர்கள் இரண்டு கரையிலும் கேட்டு எழுதியதைப் படித்தால், தகராறு தீவைப் பற்றியதல்ல, கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவை மடியைப் பற்றியது. எதிர்க்கரையான இலங்கையில் போர் ஓய்ந்து கடலுக்குத் திரும்பியவரும் தமிழர்தான், அவரிடம் இருப்பது சிறு படகு. இரவில் அவர் விரித்த வலையை உங்கள் மடி அறுத்துக்கொண்டு போகிறது. 2010இல் இரு கரை மீனவர்களே சென்னையில் கூடி இழுவை மடியைக் கைவிடுவது பற்றிப் பேசினார்கள். அரசுகள் தோள் கொடுக்கவில்லை. 2017இல் இலங்கை அந்த மடிக்குச் சட்டப்படி தடையே போட்டுவிட்டது.

வரும் ஜூன் 12இல் மேட்டூரைத் திறப்பார்களா? – பெயர் எழுதவில்லை

காவிரி பிறக்கும் குடகில் மழை எப்படி என்று கேளுங்கள். நான் அரசியல் வாத்தியார்.