அரை ஆல்பம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

மழைக்காலத்தில் கேட்ட இசை பற்றிப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். அதில் அவுட்காஸ்ட் என்ற அமெரிக்க ஹிப்ஹாப் ஜோடியின் 2003 ஆல்பத்துக்கு நான்கே வரி. ‘ஸ்பீக்கர்பாக்ஸ் / த லவ் பிலோ’ இரண்டு சிடி கொண்டது, ஆந்த்ரே 3000 செய்த இரண்டாவது சிடிதான் கலை, பிக் பாய் செய்த முதல் சிடியைக் கேட்காமல் விட்டாலும் நஷ்டமில்லை என்று முடித்துவிட்டீர்கள்.

நான் பிக்கப் வண்டி ஓட்டுகிறேன். ஹட்டி ஹட்டியாக (நீலகிரியின் படகர் ஊர்கள்) போய் பச்சைத் தேயிலை எடுத்து பேக்டரியில் இறக்குவது வேலை. வண்டியில் பழைய சப்வூஃபர் ஒன்று இருக்கிறது. நீங்கள் வேண்டாம் என்ற அந்த முதல் சிடியைப் போட்டால் கதவுப் பலகை அதிரும், டேஷ்போர்டில் வைத்த சில்லறை நகர்ந்து போகும். இரண்டாவதைப் போட்டால் இலை ஏற்ற வருகிற பையன் தூங்கிவிடுகிறான்.

என் நண்பன், இது இரண்டு தனி ஆல்பம், ஒரே உறையில் போட்டு விற்ற வியாபாரத் தந்திரம் என்கிறான். கோவையில் படிக்கும் தங்கை, இரண்டிலும் நல்ல பாட்டாகப் பொறுக்கி ஒரே சிடியாகப் போட்டிருக்கலாம் என்கிறாள். நான் இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. அதெல்லாம் இருக்கட்டும், உங்களுக்கு பிக் பாய் மேல் என்ன கோபம்?

எஸ்., கோத்தகிரி

அன்புள்ள எஸ்.,

கோபமெல்லாம் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. அந்த நான்கு வரியை எழுதியபோது முதல் சிடியை நான் முழுசாக ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

2004 பிப்ரவரியில் அந்த ஆல்பத்துக்கு கிராமியின் ‘ஆண்டின் சிறந்த ஆல்பம்’ பரிசு கிடைத்தது. ஹிப்ஹாப்பில் பாடகி லாரின் ஹில்லுக்குப் பிறகு அதை வாங்கிய இரண்டாவது ஆல்பம். அந்தச் சூட்டில், பெங்களூரில் வேலை பார்த்த என் சித்தி மகன் ஒரு சிடி எழுதிக் கொண்டுவந்து கொடுத்தான். மேலே மார்க்கரில் ‘அவுட்காஸ்ட்’ என்று மட்டும் இருந்தது. அது பாதி ஆல்பம் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்னொரு பாதி உண்டு என்று தெரிவதற்குள் இது மனதில் ஊறிவிட்டது. பிறகு வந்த பாதி எனக்கு விருந்தாளி மாதிரி ஆகிவிட்டது.

அந்தப் பாதியும் முழுசாக மிஞ்சவில்லை. ஐப்பசி மழையில் நம் கோத்தகிரி வீடுகளில் எதற்குத்தான் பூஞ்சை பிடிக்காது? செருப்பு, பெல்ட், புத்தக அட்டை, எல்லாவற்றுக்கும் பிடிக்கும். சிடியின் வெளி விளிம்பிலும் வெள்ளையாக வலை கட்டியது. கற்பூர வில்லை போட்டு வைத்தேன், பயனில்லை. சிடி உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் படிக்கும் சாதனம். அதனால் விளிம்பு போனால் கடைசிப் பாட்டுகள் போயின என்று அர்த்தம். ஆந்த்ரே தன் கதையைச் சொல்லும் கடைசிப் பாட்டின் தலைப்பிலேயே ‘முற்றுப்பெறாதது’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறார். என் வீட்டில் அது நிஜமாகவே முற்றுப்பெறாமல் திக்கித் திக்கி நிற்கும். அதையும் அவருடைய உத்தி என்றே ரொம்ப நாள் நினைத்து வியந்துகொண்டிருந்தேன்.

உங்கள் கடிதம் வந்த அடுத்த ஞாயிறு, பக்கத்து வீட்டு நண்பரின் காரில் குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்கித் திரும்பினோம். மொத்த ஆல்பமும் இரண்டே கால் மணி நேரம். இறங்கும்போது முதல் சிடி, ஏறும்போது இரண்டாவது என்று ஏற்பாடு. நீங்கள் சொன்னது சரி. வீட்டில் என் சின்ன ஸ்பீக்கரில் சப்பென்று இருந்த அதே பாட்டுகள் காரில் ஆளையே மாற்றிக்கொண்டு வந்தன. இதில் அதிசயப்பட ஒன்றுமில்லைதான். இவர்கள் ஊரான அட்லாண்டாவின் இசை காருக்குள் கேட்பதற்கென்றே வளர்ந்தது. பெயரிலேயே ஸ்பீக்கர் பெட்டி இருக்கிறது, அப்புறமும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்.

‘கெட்டோ மியூசிக்’ என்ற பாட்டைச் சொல்ல வேண்டும். தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று பாதி வேகத்துக்கு இறங்கி பேட்டி லபெல் என்ற பாடகியின் பழைய குரல் ஒன்று இழைந்து வரும், மறுபடி பாய்ந்துவிடும். கொண்டை ஊசி வளைவில் நண்பர் இரண்டாவது கியருக்கு இறக்கிய நேரமும் பாட்டு இறங்கிய நேரமும் ஒன்றாக அமைந்தது. தற்செயல்தான், இருந்தாலும் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரித்தோம். வீட்டுக்கு வந்து பார்த்தால், பிக் பாய் பக்கத்தில் இருக்கும் அந்தப் பாட்டுக்கு இசை அமைத்தவர் ஆந்த்ரே!

உங்கள் நண்பருக்கு என் பதில் இதிலேயே இருக்கிறது. பாகம் பிரித்த வீடுதான், மறுக்கவில்லை. ஆனால் நடுச்சுவரில் ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். இங்கே ஆந்த்ரே இசை போட்டுக் கொடுக்கிறார், அங்கே ‘ரோஸஸ்’ பாட்டுக்கு பிக் பாய் வந்து ஒரு பத்தி ராப் செய்துவிட்டுப் போகிறார். வியாபாரக் கணக்கில் மட்டும் உங்கள் நண்பர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. அமெரிக்க இசைத்தட்டுச் சங்கம் நீளமான இரட்டை ஆல்பத்தில் ஒவ்வொரு சிடியையும் தனித்தனியாக எண்ணும். ஒரு கோடிக்கு மேல் விற்றால் கிடைக்கும் வைரச் சான்றிதழ் இந்த ஆல்பத்துக்கு வந்தது அப்படி எண்ணித்தான். கடையில் ஒருவர் ஒரு பெட்டி வாங்கினால் கணக்கில் இரண்டு.

நம் ஊரில் இந்தப் பேச்சு புதிதா என்ன? விஸ்வநாதன்–ராமமூர்த்தி 1965இல் பிரிந்தார்கள். எது யார் போட்ட மெட்டு, யாருடைய பங்கு பெரியது என்று இன்னும் டீக்கடையில் சண்டை நடக்கிறது. பிரிந்த பின் நிறையப் படம் செய்தவர் விஸ்வநாதன் என்பதால் எல்லாம் அவருடையதே என்று ஒரு கூட்டம் தீர்ப்பு எழுதிவிட்டது. கண்ணில் படுகிறவருக்கே முழுப் பெயரும் போய்ச் சேரும். ஆந்த்ரே விதவிதமாக உடுத்துவார், ராப்பை ஓரம் வைத்துவிட்டுப் பாடுவார், ரவிசங்கரின் மகள் நோரா ஜோன்ஸை அழைத்து வந்து கிதாரோடு மெல்லப் பாட வைப்பார். கவனிக்காமல் இருக்க முடியாது. பிக் பாய் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். 1995இல் நியூயார்க் விருது மேடையில் இவர்களுக்குப் பரிசு கொடுத்தபோது கூட்டம் கூச்சல் போட்டது. அமெரிக்காவின் தெற்கத்திக்காரர்களிடமும் சொல்வதற்கு விஷயம் இருக்கிறது என்று மைக்கில் சொன்னவர் ஆந்த்ரே. அந்தத் தெற்கு ஒலியை இந்த ஆல்பத்தில் விடாமல் பிடித்திருப்பவர் பிக் பாய் என்பது இப்போதுதான் எனக்குக் காதில் விழுகிறது.

அதற்காக இரண்டாவது சிடியை உங்களிடம் விட்டுக்கொடுத்துவிட மாட்டேன். நடுவில் தொய்வு உண்டு, பேச்சும் அதிகம், உங்கள் பையன் தூங்குவதில் தப்பில்லை. ஆனால் ‘ஹே யா’ வரும்போது எழுப்பி விடுங்கள்.

சில வருடம் முன்பு நம் பக்கத்து ஹட்டி ஒன்றில் கல்யாணம். வெள்ளை உடுப்பில் எல்லாரும் வட்டம் கட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். படகர் ஆட்டம் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. காலும் கையும் ஒரே கணக்கில் திரும்பும், பாட்டியும் பேரனும் ஒரே வரிசை. நடுவில் ஒரு கல்லூரிப் பையன் விளையாட்டாக ‘ஹே யா’வைப் போட்டுவிட்டான். பெரியவர்கள் ஆட்டத்தை நிறுத்தவில்லை, அதற்கும் அதே அடி வைத்தார்கள். நான்கு நான்கு அடியாக முதல் மூன்று கட்டமும் சரியாக வந்தது. அடுத்து கால் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். இன்னொரு சுற்று, மறுபடி அதே இடத்தில் இடறல். ஒரு பாட்டி நின்று, இடுப்பில் கைவைத்து ஸ்பீக்கரை முறைத்தார்.

அன்று ராத்திரி விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நான்கடிக் கட்டம் மூன்று, இரண்டடிக் கட்டம் ஒன்று, அப்புறம் நான்கடிக் கட்டம் இரண்டு. ஆக, சுற்றுக்கு 22 அடி. உலகமே கைதட்டி ஆடிய பாட்டு, அமெரிக்கப் பாட்டு வரிசையான பில்போர்டில் ஒன்பது வாரம் முதல் இடம், ஆனால் உள்ளே ஒரு படிக்கட்டு குட்டையாகக் கட்டியிருக்கிறது. வரிகளைக் கவனித்தால் அதுவும் அப்படித்தான். சந்தோஷமில்லாமலேயே சேர்ந்திருக்கும் ஜோடிகளைப் பற்றிய பாட்டு அது. அதைப் போட்டுத்தான் கல்யாண வீட்டில் ஆடினோம்.

அந்தப் பாட்டை முதல் இடத்திலிருந்து இறக்கியது எது தெரியுமா? பிக் பாயின் ‘த வே யூ மூவ்’.

தங்கையிடம் சொல்லுங்கள், பொறுக்கிச் சேர்க்கும் யோசனையை நானும் செய்து பார்த்தேன். பத்துப் பாட்டு எடுத்து வரிசைப்படுத்தினேன். எல்லாம் நல்ல பாட்டு, கேட்கத்தான் முடியவில்லை. பிக் பாயின் பேஸ் அதிர்வு அடங்குவதற்குள் ஆந்த்ரே வந்து முணுமுணுக்கிறார். கறிக்குழம்பும் பாயசமும் ஒரே கிண்ணத்தில் விட்ட மாதிரி.

2006க்குப் பிறகு இருவரும் சேர்ந்து புது ஆல்பம் எதுவும் போடவில்லை. 2023இல் ஆந்த்ரே ஒரு ஆல்பம் கொண்டு வந்தார். முழுக்கப் புல்லாங்குழல், ஒரு வரி ராப் கிடையாது. அதை வண்டியில் போட்டுவிடாதீர்கள், பையனோடு சேர்ந்து நீங்களும் தூங்கிவிடுவீர்கள். வளைவு நிறைய உள்ள ரோடு.

சனிக்கிழமை இலை எடுக்க எங்கள் பக்கம் வருவீர்கள் அல்லவா? முன் சீட்டில் இடம் இருந்தால் பேக்டரி வரைக்கும் நானும் வருகிறேன். சில்லறையை டேஷ்போர்டிலேயே விட்டு வையுங்கள், அது நகர்வதைப் பார்க்க வேண்டும்.