அப்பா இல்லாத வீட்டில் அம்மா ஸ்கோர் எழுதுகிறார்

வாசகி கடிதம்

வணக்கம் டாக்டர்.

எனக்கு 47 வயது. சென்னையில் அம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, கணவர், மகனோடு இருக்கிறேன். போன வருஷம் புரட்டாசியில் அப்பா தவறிவிட்டார். முதல் திவசமும் முடிந்துவிட்டது. எல்லார் வீட்டிலும் நடப்பதுதானே என்று இத்தனை நாள் ஓட்டிவிட்டேன். இப்போது சில விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்து பாடாய்ப் படுத்துவதால் எழுதுகிறேன்.

அப்பா ஒரு தமிழ் நாளிதழில் விளையாட்டு நிருபர். சேப்பாக்கம் டெஸ்ட், எழும்பூர் ஹாக்கி, நேரு ஸ்டேடியம் கால்பந்து, செஸ், கபடி என்று எல்லாவற்றுக்கும் அவர்தான் போவார். சாயங்காலம் ஆட்டம் முடிந்ததும் ஆபீசுக்குப் போய், வெளியூர்ப் பதிப்புக்கு அவசரமாக ஒரு தடவை, சிட்டி பதிப்புக்கு நிதானமாக ஒரு தடவை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வர ராத்திரி ஒரு மணி ஆகும். அதுவரை அம்மா விழித்திருப்பாள்.

ஆனாலும் எங்களைக் கவனிக்காத அப்பா என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டுப்பாட நோட்டை மேசையில் திறந்து வைத்துவிட்டுத் தூங்கிவிடுவோம். காலையில் பார்த்தால் ஓரத்தில் சிவப்பு மையில் திருத்தம் இருக்கும், பேப்பர் ஆபீசில் புரூஃப் திருத்துகிற குறிகளோடு. எங்கள் டீச்சருக்கு அது ஒன்றும் புரியாது. செவ்வாய்க்கிழமை அவருக்கு வார விடுமுறை. அன்றைக்கு ரேஷன், கரண்ட் பில், சமையல் எல்லாம் அவர்தான். அம்மா அடுப்படிப் பக்கமே போக மாட்டாள்.

ஆறாம் வகுப்பில் நூறு மீட்டர் ஓட்டத்தில் நான் நான்காவதாக வந்து அழுதுகொண்டே படுத்துவிட்டேன். காலையில் தலையணைக்குப் பக்கத்தில் நியூஸ்பிரின்ட் தாளில் ஒரு செய்தி கிடந்தது. 'நமது வீட்டு வீராங்கனை நூலிழையில் பதக்கத்தை இழந்தார். புறப்பாட்டில் தாமதம். காலணி ஒரு சைஸ் பெரிதாக இருந்ததே காரணம் எனத் தெரிகிறது. இது குறித்து வீட்டு நிர்வாகத்திடம் விளக்கம் கேட்கப்பட்டுள்ளது.' அடியில் கட்டம் கட்டி ஒரு துணுக்கு: 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி.உஷா வெண்கலத்தைத் தவறவிட்டது நூறில் ஒரு விநாடியில், அவரும் நான்காவதுதான். அடுத்த செவ்வாய்க்கிழமை புது ஷூ வந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்குக் கிரிக்கெட்டில் ஆர்வமே கிடையாது. அப்பா போன பிறகு ராத்திரி டிவியில் எந்த மேட்ச் வந்தாலும் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அப்பாவின் பழைய நோட்டில், அவர் எழுதி நிறுத்திய இடத்திலிருந்து ஸ்கோர் எழுதுகிறாள். நடுநடுவே அப்பாவின் படத்தைப் பார்த்து "என்னங்க, பார்த்தீங்களா? இது அவுட்டா?" என்று கேட்கிறாள். போன மாதம் என் மகனிடம் 1986-ல் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிச் சமனில் முடிந்த 'டை' டெஸ்டின் கடைசி ஓவரை ஒப்பித்திருக்கிறாள். கிரெக் மேத்யூஸ் பந்துவீச்சு, ஜெயிக்க நாலு ரன், சாஸ்திரி ரெண்டு எடுத்தார், அப்புறம் ஒண்ணு, ஸ்கோர் சமம், மணிந்தர் ஒரு பந்தைத் தடுத்தார், அடுத்த பந்தில் எல்பிடபிள்யூ. அவன் யூடியூபில் போட்டுப் பார்த்துவிட்டு, "பாட்டி சொன்னது அப்படியே இருக்கும்மா" என்றான்.

பெங்களூரில் இருக்கும் அண்ணன் இதைக் கேட்டுப் பயந்துவிட்டான். "அம்மாவை மனநல டாக்டரிடம் காட்டு. அப்பாவின் ரூமைக் காலி பண்ணு. பழைய பேப்பரையெல்லாம் எடைக்குப் போட்டால் தானாகச் சரியாகிவிடும்" என்கிறான். அவன் சொல்வது சரியா?

இன்னொன்று. அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் நினைவு மலர் போடுகிறார்கள். மகள் என்ற முறையில் நான் ஒரு கட்டுரை தர வேண்டும். உட்கார்ந்தால் வருவதெல்லாம் கோபம்தான். சேப்பாக்கத்தில் பொங்கல் டெஸ்ட் என்று ஒரு வழக்கம் இருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1980-ல் பாகிஸ்தான், 82-லும் 85-லும் இங்கிலாந்து, 88-ல் வெஸ்ட் இண்டீஸ். எல்லாமே பொங்கலை ஒட்டித்தான். எல்லார் வீட்டிலும் அப்பா இருப்பார், எங்கள் வீட்டில் பிரஸ் பாஸ்தான் இருக்கும். இவ்வளவு நல்ல மனிதர் மேல் செத்த பிறகு இப்படிக் கோபம் வருவது சரியில்லைதானே? அழுகைகூட வரவில்லை.

பெயர் வேண்டாம், சென்னை


ஆலோசகர் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அம்மா. நேரில் பார்க்காமல் யாருக்கும் நோய் இருக்கிறது, இல்லை என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பயப்பட எதுவும் எனக்குத் தென்படவில்லை. இறந்தவரோடு பேசுவது உலகம் முழுக்க நடப்பது. வேல்ஸில் டெவி ரீஸ் என்ற டாக்டர் கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரைச் சந்தித்து 1971-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். போனவர் பக்கத்தில் இருப்பதுபோல் உணர்ந்தது, குரல் கேட்டது, உருவம் தெரிந்தது என்று ஏதோ ஒரு அனுபவம் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருந்தது. அவர்களில் பெரும்பாலானவர்கள் அதை வெளியே சொல்லவே இல்லை. தன்னைப் பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். உங்கள் அம்மா பேத்துவது இல்லை, படத்தைப் பார்த்துக் கேட்கிறார். பதில் வராது என்பதும் அவருக்குத் தெரியும்.

இறந்தவரோடு உள்ள பிணைப்பை அறுத்துக்கொண்டால்தான் துக்கம் ஆறும் என்று மனநல உலகமே வெகுகாலம் நம்பியது. அண்ணன் சொல்வதும் கிட்டத்தட்ட அந்தப் பழைய வைத்தியம்தான். 1990-களில் டென்னிஸ் கிளாஸ் முதலான ஆய்வாளர்கள் இதை மாற்றிச் சொன்னார்கள். பெரும்பாலானோர் உறவை அறுப்பதில்லை, அதை வேறு மாதிரி வைத்துக்கொண்டு வாழ்கிறார்கள், அதில் கெடுதல் ஒன்றும் இல்லை என்றார்கள். அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கிற நமக்கு இதைச் சொல்ல அமெரிக்காவிலிருந்து ஆள் வரவேண்டுமா என்று எனக்குத் தோன்றியதுண்டு.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். அப்பா வரும்வரை, அதாவது ராத்திரி ஒரு மணி வரை, அம்மா விழித்திருப்பார் என்கிறீர்கள். எத்தனை வருஷம்! ஓய்வு பெற்ற பிறகும் அந்த மனிதர் சீக்கிரம் படுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மாவின் உடம்பு இன்னும் அதே நேரத்துக்கு விழித்திருக்கிறது, வருவதற்குத்தான் ஆள் இல்லை. அந்த இரண்டு மூன்று மணி நேரத்தைத் தள்ள அவருக்கு ஏதாவது வேண்டும், மேட்ச் கிடைத்திருக்கிறது. கிரிக்கெட்டில் ஆர்வமே இல்லை என்று வேறு எழுதுகிறீர்கள். கடைசி ஓவரைப் பந்து பந்தாகச் சொல்கிறவருக்கா? 86 செப்டம்பர் 22-ம் தேதி ராத்திரி அப்பா வந்து சொன்னதை அவர் சாப்பாடு போட்டபடி கேட்டிருப்பார், பிறகு விருந்தாளிகளிடம் சொல்லும்போதெல்லாம் கேட்டிருப்பார். மைதானத்துக்குப் போகாமலே அவர் பாதி நிருபர். நீங்கள் யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு குறைந்து இளைத்துப்போனால், பிரஷர், சர்க்கரை மாத்திரைகளைச் சரியாகப் போடாவிட்டால், மேட்ச் இல்லாத நாளிலும் தூக்கம் வராவிட்டால், பக்கத்து வீட்டுக்காரர்களோடு பேசுவதை நிறுத்தினால், "நானும் அவர்கூடவே போயிருக்கலாம்" என்று அடிக்கடி சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். ஒரு வருஷம் தாண்டியும் ஏக்கம் கொஞ்சமும் தணியாமல், அன்றாட வேலையே ஓடாதபடி முடக்கினால் அதை 'நீடித்த துக்கக் கோளாறு' என்கிறோம். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. அவசரத்துக்கு 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். ஞாபகமறதி, நாள் கிழமைக் குழப்பம் இருந்தால் அது வேறு, அதையும் பார்க்க வேண்டும். ஆனால் ஸ்கோரைத் தப்பில்லாமல் எழுதி, பேரனுக்கு ஓவரை ஒப்பிக்கிறவருக்கு அந்தக் கவலை இப்போது வேண்டாம்.

அறையைக் காலி செய்யாதீர்கள். அது அம்மாவின் வீடு, அவருடைய சம்மதமில்லாமல் ஒரு தாள்கூட வெளியே போகக்கூடாது. அதே நேரம் பழைய நியூஸ்பிரின்ட் தானாகவே பழுத்து நொறுங்கும், நம் ஊர் ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம். உங்கள் மகன் அதை ஸ்கேன் செய்யட்டும், எந்த ஆட்டம், எந்த வருஷம் என்று பாட்டி சொல்லட்டும். அச்சான கட்டிங்குகளைப் பத்திரப்படுத்த நினைத்தால், தரமணியில் பழைய தமிழ் இதழ்களைச் சேர்த்து வைத்திருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். எடைக்குப் போடுவது கடைசி யோசனையாக இருக்கட்டும்.

சரி, இப்போது நீங்கள். அம்மாவைப் பற்றியும் அண்ணனைப் பற்றியும் அவ்வளவு எழுதிவிட்டு, 'அழுகைகூட வரவில்லை' என்று உங்களைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்ற கவலை பல சமயம் நம் துக்கத்துக்கு இடமே விடாது. பக்கத்தில் இருக்கும் மகளுக்கு இது அதிகம் நடக்கும். ஆஸ்பத்திரி, சான்றிதழ், பாங்க், திவசம் எல்லாம் யார் தலையில் விழுந்தது என்று நீங்கள் சொல்லவில்லை, என்னால் ஊகிக்க முடிகிறது. ஆகவே அந்தக் கோபத்தில் ஒரு பங்கு பெங்களூருக்குப் போக வேண்டியதாகவும் இருக்கலாம்.

மீதிப் பங்கு அப்பாவுக்குரியதுதான், அதில் தப்பில்லை. பத்து வயதுப் பெண்ணுக்குப் பொங்கலன்று அப்பா வேண்டும். அந்த 88 பொங்கல் டெஸ்டில் ஹிர்வானி என்ற புதுப் பந்துவீச்சாளர் தன் முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட் எடுத்தது நாட்டுக்குப் பெரிய செய்தி, அந்தப் பெண்ணுக்கு அதனால் என்ன? அன்றைக்கு அவள் கோபப்பட்டிருக்க முடியாது, ஏனென்றால் அப்பா நல்லவர், கஷ்டப்பட்டு உழைக்கிறவர், ஷூ வாங்கித் தந்தவர். நல்லவர்கள் மேல் வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அது இத்தனை வருஷம் கழித்து, அவர் இல்லை என்றான பிறகு தலைகாட்டுகிறது. கோபம் இருப்பதால் பாசம் குறைந்துவிடவில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி யாரும் உங்களைக் கேட்கவில்லை, நினைவு மலர்க்காரர்கள் உட்பட.

நினைவு மலர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 'சிறந்த குடும்பத் தலைவர், அன்பான தந்தை, பண்பாளர்' என்று பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். போட்டோவை மாற்றிவிட்டால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். உங்கள் அப்பா அப்படி எழுதுகிறவராகத் தெரியவில்லை. 'காலணி ஒரு சைஸ் பெரிது' என்று காரணத்தைத் தேடிப் போட்டவர் அவர். தோல்வியை மறைக்கவும் இல்லை, உங்களைக் குறை சொல்லவும் இல்லை, பழியை வீட்டு நிர்வாகத்தின் மேல், அதாவது தன் மேலேயே போட்டுக்கொண்டார். அதே நடையில் நீங்கள் எழுதுங்கள்.

பொங்கலை விட்டுவிடாதீர்கள், அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1988 பொங்கலன்று சேப்பாக்கத்தில் என்ன நடந்தது என்பது ஊருக்குத் தெரியும், வீட்டில் என்ன நடந்தது? பானை யார் வைத்தது? பால் பொங்கும்போது யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள்? அப்பா எத்தனை மணிக்கு வந்தார், சாப்பிட ஏதாவது மீதி இருந்ததா, உங்களை எழுப்பினாரா? உங்களுக்கு மறந்துபோனதை அம்மாவிடம் கேளுங்கள். மேட்ச் ஓடும் ராத்திரியாகப் பார்த்து, ஓவர் மாறும் இடைவெளியில் கேளுங்கள். அவர் இந்த ஒரு வருஷத்தில் உங்களிடம் பேசாததை அப்போது பேசுவார் என்று நினைக்கிறேன். எழுதும்போது அழுகை வந்தால் வரட்டும், வராவிட்டால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் சொன்ன ஒரு விஷயம் எனக்கு எப்போதும் உதவும்: துக்கத்தில் இருக்கும் மனம் கொஞ்ச நேரம் இழப்பின் பக்கம் போகும், கொஞ்ச நேரம் அன்றாட வேலையின் பக்கம் திரும்பும், இந்தப் போக்குவரத்துதான் இயல்பு. நீங்கள் ஒரு வருஷமாக வேலையின் பக்கமே நின்றுவிட்டீர்கள்.

எழுதி முடித்த பிறகு அதை மலருக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்தால் போதும். கோபம் கூடுதலாக இருக்கிறது என்று தோன்றினால் அதை அலமாரியில் வைத்துவிட்டு, அந்த ஓட்டப்பந்தயச் செய்தியை மட்டும் அப்படியே அச்சுக்குக் கொடுங்கள். இன்னும் ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள், பத்திரிகைக்காரர்களுக்குக் கெடு தள்ளிப்போவது புதிது இல்லை.

அண்ணனுக்கு இந்தக் கடிதத்தையும் பதிலையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அவன் பயத்தில்தான் அப்படிப் பேசுகிறான். 80, 82 பொங்கல்கள் உங்களைவிட அவனுக்குத்தான் நன்றாக ஞாபகம் இருக்கும், அதை அவனையே எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த மேட்ச் அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் அம்மாவுக்கு போன் செய்து ஸ்கோர் கேட்கச் சொல்லுங்கள். செல்போனில் தெரிகிற ஸ்கோர்தான், இருந்தாலும் அம்மாவிடம் கேட்கட்டும்.