வெடிப்பு விட்டால் வண்டு இறங்கும்: கிழங்குப் பயிர் கேள்வி பதில்

கேள்வி (வாழப்பாடி): அண்ணா, சர்க்கரைவள்ளி நட்டு மூணு மாசம். தோண்டினா பாதிக் கிழங்கு துளை, வாயில வச்சா கசப்பு. ரெண்டு தடவை மருந்தடிச்சும் நிக்கலை.

பதில்: கூன்வண்டு தம்பி. மருந்து கொடிமேல விழுது, புழு கிழங்குக்குள்ள இருக்கு. கடைசியா எப்போ தண்ணி விட்டே? இந்த வண்டுக்கு மண்ணை ஆழமாத் தோண்ட வராது. பார், அதான் கொடி நட்ட மண்மேடு, காய்ஞ்சு வெடிச்சா அந்த வெடிப்பு வழியாத்தான் கிழங்குக்கு இறங்கும். போன மாசியில எங்க காட்டுல ஒரு வெடிப்புல விரலை விட்டேன், ரெண்டாவது கணு வரைக்கும் போச்சு. மண்ணை விலக்கினா கிழங்குத் தோல் மேல ரெண்டு வண்டு. பார்க்க எறும்பு மாதிரி, கழுத்தும் காலும் செவப்பு, முதுகு கருநீலம்.

அதனால வெடிக்க விடாம பாய்ச்சு, ஆனா தேக்காதே, கிழங்கு அழுகிடும். 30ஆம் நாளும் 60ஆம் நாளும் மண் அணைச்சுடு. அடிக்கொடியில வண்டு முட்டை வைக்கும், அதனால நுனிக்கொடியை மட்டும் நடு. அதே நிலத்துல அடுத்த போகமும் சர்க்கரைவள்ளி வேண்டாம்.

கேள்வி: வண்டு தொடாத ரகம் இருக்குங்களா?

பதில்: அப்படிச் சொல்லி யாராவது கொடி வித்தா வாங்காதீங்க. மேலாகக் கிழங்கு வைக்கிற ரகத்துல சேதம் அதிகம், ஆழமா வைக்கிறதுல குறைவு. ஸ்ரீபத்ரா மாதிரி 90 நாள் ரகம் வண்டு பெருகறதுக்குள்ள வீடு வந்துடும். விலை ஏறட்டும்னு மண்ணுக்குள்ளயே போட்டு வைக்காதீங்க.

கேள்வி (ஆத்தூர்): குச்சிக்கிழங்குல (மரவள்ளி) நுனி சுருங்கிக் கொத்தாயிடுச்சுங்க. சொட்டுநீர்தான் போட்டிருக்கேன்.

பதில்: மாவுப்பூச்சிங்க. 2020-ல கேரளாவுல தெரிஞ்ச தென் அமெரிக்க இனம் நம்ம பக்கமும் வந்துடுச்சு. வெயிலும் வறட்சியும்தான் அதுக்குக் கொண்டாட்டம், நல்ல மழை அடிச்சா கழுவிப் போயிடும். சொட்டுநீர் வேரைத்தானே நனைக்குது? பம்புல வெறும் தண்ணியை நுனிக்கு வேகமாப் பீச்சுங்க. முன்னாடி நுனியை உத்துப் பாருங்க. பழுப்பா உப்பி, ஓட்டை விழுந்த கூடு இருந்தா மருந்தை எடுக்காதீங்க. அது மாவுப்பூச்சியைக் கொல்ற குளவியோட வேலை. பெனின் நாட்டுல இருந்து கொண்டுவந்து 2022 மார்ச்சுல ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்துல விட்ட குளவி. மருந்தடிச்சா முதல்ல சாகறது அதுதான்.

கேள்வி (ஏற்காடு அடிவாரம்): தேமல் நோயைத் தாங்குற மரவள்ளி ரகம் மாவுப்பூச்சியையும் தாங்குமா?

பதில்: இல்லைங்கக்கா. ஸ்ரீ ரக்ஷா தேமலைத் தாங்கும், மாவுப்பூச்சி வேற கணக்கு. கரணைதான், அதாவது நடுற குச்சிதான் முக்கியம், பூச்சி இருந்த காட்டுக் குச்சியை ஓசியில குடுத்தாலும் வாங்காதீங்க.